பதினோராவது நிமிடத்தில் ஒரு இருமல்

அவர் உண்மை பேசுவது என் வண்டியின் முன் சீட்டில் மட்டும்தான். அதுவும் என்னிடம் இல்லை, போனிடம்.

என்னுடையது சாவு வண்டி. பெங்களூரில் அல்சூர், ஜோகுபாளையம், அந்தப் பக்கத்துச் சாவுகள் பெரும்பாலும் எனக்கு வரும். அவர் சாவு வீடியோ எடுப்பவர். கல்லறைக்குப் போகும்போது பெட்டியும் சொந்தக்காரர்களும் பின்னால் இருப்பார்கள். முன்னால் நான், பக்கத்தில் அவர், அவர் மடியில் கேமரா. அப்போது பேசமாட்டார். திரும்பி வரும்போது வண்டி காலியாக இருக்கும். அப்போது போனை வாய்க்குப் பக்கத்தில் பிடித்துக்கொள்வார்.

"வணக்கங்க. இன்னைக்கும் மொகம் மங்கலாயிடுச்சு. கல்லறையில செம வெயிலு. ஸ்கிரீன்ல ஒண்ணும் தெரியல. இன்னா பண்றதுன்னு சொல்லுங்க."

பத்து நிமிடம் முன்னால்தான் செத்தவரின் மகனிடம் வேறு மாதிரி சொல்லியிருப்பார். "எல்லாம் நல்லா வந்திருக்குது சார்."

அவர் தமிழில் பேசியதைப் போன் இங்கிலீஷில் எழுதி அனுப்பும். பதில் வந்தால் ஒரு பெண் குரல் அதைத் தமிழில் படிக்கும். பாடப்புத்தகத் தமிழ். ஆட்களின் பெயரைக்கூடத் தமிழாக்கிவிடும்.

"பனிக்கரடி எழுபத்தொன்று கூறுகிறார். அன்புள்ள நண்பரே, உங்கள் அடைப்பானின் வேகம் என்ன?"

"ஷட்டரக் கேக்குறான்" என்பார் என்னிடம். அவ்வளவுதான் எனக்கு.

அது போட்டோ கேமராவில் வீடியோ எடுப்பவர்களின் குரூப். உலகம் முழுக்க ஆள் இருந்தார்கள். பனிக்கரடி ஏதோ குளிர்தேசத்து ஆள். உறைந்த ஏரியை வீடியோ எடுப்பவர். இன்னொருவர் பறவை எடுப்பவர். ஒருவர் கல்யாணம். இவர் சாவு எடுப்பவர் என்று தெரிந்ததும் ஒரு நாள் முழுக்க யாரும் பேசவில்லையாம். பிறகு ஒருவர் மாதிரிக்கு ஒன்று போடச் சொன்னார். இவர் போடவில்லை.

"இன்னொருத்தர் வூட்டு சாவுங்க அது. போட மாட்டேன்."

அதற்குப் பிறகு அவருக்கு அங்கே மரியாதை கூடியது. கேள்வி கேட்டால் உடனே நாலு பேர் பதில் சொன்னார்கள்.

அந்தக் குரூப்பை அவர் தேடிப் போகவில்லை. ஒரு கோடையில், தகரக் கூரை போட்ட வீட்டில், கேமரா நடுவில் நின்றுவிட்டது. முன்பும் நின்றிருக்கிறது. கேமராவுக்கு ஆயுசு முடிந்தது என்று பயந்துபோய்ப் போனிடம் கேட்டார். போன் அவரை அங்கே கொண்டுபோய் விட்டது. மறுநாள் வந்து சொன்னார்.

"டிரைவர், இந்தக் கேமராவுக்கு ஒரு நோவு இருக்குது. பன்னெண்டு நிமிஷம்தான் ஓடும். அப்புறம் தானா நின்னுடும். மறுபடி அமுக்கணும். என்னுது மட்டும்தான் கெட்டுப்போச்சுன்னு நெனச்சிருந்தேன். ஒலகம் பூரா அதே நோவாம்."

அன்றைக்கு அவர் சிரித்தார். நான் பார்த்த ஒரே சிரிப்பு.

அவருக்குப் பொம்மசந்திராவில் ஒரு கம்பெனியில் வேலை இருந்தது. பிரஸ் மிஷின். வலது கை ஆள்காட்டி விரலின் முனை அதில் போயிற்று. கொஞ்ச காலம் கழித்து வேலையும் போயிற்று. அதை வீட்டில் சொல்லவில்லை. நாலைந்து மாதம் காலையில் டிபன் பாக்ஸோடு கிளம்பி அல்சூர் ஏரிக்கரையில் உட்கார்ந்திருந்தார். என் வண்டி நிற்கும் இடமும் அதுதான். அப்படித்தான் பழக்கம். ஒரு ஸ்டுடியோவை மூடியபோது இந்தப் பழைய கேமராவை வாங்கினார். முதலில் பிணத்தோடு குடும்பம் நிற்கிற போட்டோ எடுத்தார். பிறகு வெளிநாட்டில் பிள்ளைகள் இருப்பவர்கள் வீடியோ கேட்டார்கள். இதிலேயே வீடியோ வரும் என்று யாரோ சொல்ல, திருகிப் பார்த்தார். வந்தது.

அதுவரை மனைவி கணக்கில் அவர் கம்பெனிக்குத்தான் போய்க்கொண்டிருந்தார். ஒரு சாவு வீட்டில் அந்தம்மா அழ வந்த இடத்தில் இவர் கேமராவோடு நின்றார்.

"இன்னாங்க, கம்பெனி லீவா?"

"ஆமா. இன்னைக்கு லீவு."

பக்கத்தில் நான் நின்றிருந்தேன். அந்தம்மா என்னைப் பார்த்தார். நான் பெட்டியைப் பார்த்தேன்.

இந்த ஆள் ஏன் இப்படி என்று எனக்குப் புரிந்ததில்லை. பக்கத்தில் இருப்பவர்களிடம் நல்ல சேதி மட்டும்தான் சொல்வார். கெட்டதை எல்லாம் கடல் தாண்டிச் சொல்வார். முகம் தெரியாதவனிடம் சொன்னால் பேஜாரில்லை என்று நினைத்திருக்கலாம். கேட்டதில்லை.

இருமலைச் சொல்ல வேண்டும்.

பன்னிரண்டு நிமிடத்தில் கேமரா நின்றுவிடும். அதனால் பதினோராவது நிமிடத்தில் அவரே நிறுத்திவிட்டு உடனே மறுபடி ஓடவிடுவார். ஒரே பட்டன். ஒரு அமுக்கு அமுக்கினால் ஓடும், இன்னொரு அமுக்கில் நிற்கும். ஓடுகிறது என்பதற்கு ஸ்கிரீன் மூலையில் ஒரு சிவப்புப் புள்ளி வரும். அவருக்குச் சர்க்கரை. கண் மங்கிக்கொண்டிருந்தது. வெயிலில் புள்ளி தெரியாது. இதையும் அவர் என்னிடம் சொல்லவில்லை. போனிடம் சொன்னார், நான் கேட்டேன். பறவை எடுப்பவர் ஒரு வழி சொன்னார்: "உங்களுடன் ஒரு உதவியாளர் இருந்தால் அவர் நேரத்தைக் கவனிக்கலாம்."

அவர் என் பக்கம் திரும்பினார்.

"டிரைவர், சும்மாதானே நிக்குற. வாட்ச் பாத்து, பதினோரு நிமிஷத்துல ஒரு தடவ இருமு."

"இருமுறதா?"

"வேற இன்னா பண்ணுவ? சாவு வூட்ல விசிலா அடிப்ப?"

அதிலிருந்து நான் இருமினேன். மூன்று வருடம். நான் இருமினால் அவர் இரண்டு தடவை அமுக்குவார். முனை போன விரல் பட்டனில் சரியாக உட்காராது, நடுவிரலால் அமுக்குவார். சாவு வீடுகளில் எனக்கு டிபி என்று பேச்சு வந்தது. ஒரு கிழவர் என்னிடம் மாஸ்க் போடச் சொன்னார். போட்டுக்கொண்டு இருமினேன்.

இன்னொரு பழக்கமும் அவருக்கு உண்டு. எல்லாரும் போனைத் தூக்கிப் படம் எடுக்க ஆரம்பித்தால் பின்னால் இருப்பவர்களுக்கு முகம் மறையும். அவர் கையைக் காட்டிச் சொல்வார்.

"போனை எறக்குங்க. கண்ணால பாருங்க. வீடியோ நான் தர்றேன்."

சனங்கள் இறக்கிவிடுவார்கள். அவர் குரலில் அப்படி ஒன்று இருந்தது.

ஸ்டெல்லாவின் அம்மா செத்தது ஒரு சனிக்கிழமை. ஜோகுபாளையத்தில் குறுகலான சந்து. வாசலில் பந்தல் போட்டிருந்தது. ஸ்டெல்லா குவைத்தில் வீட்டு வேலை. பாஸ்போர்ட் முதலாளியிடம் இருந்தது, அனுப்பவில்லை. வேலை நேரத்தில் போனையும் வாங்கி வைத்துக்கொள்வார்களாம். காலையில் கிடைத்த ஐந்து நிமிடத்தில் கேமராக்காரருக்குப் போன் போட்டது. வண்டிக்குள் ஸ்பீக்கரில் போட்டிருந்தார், நானும் கேட்டேன்.

"அண்ணா, மத்ததெல்லாம் விட்டாலும் பரவால்ல. பெட்டி மூடுறப்ப எங்கம்மா மொகத்த கிட்ட போய் எடுங்கண்ணா. எனக்கு இன்னும் நம்பிக்கை வரல. அத பாத்தாத்தான் அம்மா போய்ட்டாங்கன்னு ஒத்துக்குவேன்."

"நீ கவலப்படாத கண்ணு. கண்டிப்பா எடுத்துத் தர்றேன்."

பாஸ்டர் ஜெபத்தை ஆரம்பித்தார். இவர் கேமராவை ஓடவிட்டார். நான் வாட்சைப் பார்த்துக்கொண்டு பந்தல் காலடியில் நின்றேன். ஏழாவது நிமிடத்தில் சந்து முனையில் ஹாரன். தண்ணீர் டேங்கர். என் வண்டி வழியில் நின்றிருந்தது. டேங்கர்காரர் இறங்கி வந்து "குரு, ஸ்வல்ப ஹிந்தே தொகோளி" என்று பின்னால் எடுக்கச் சொன்னார். ஜெபம் நடக்கும்போது ஹாரன் அடித்தால் அசிங்கம். போனேன். பின்னால் ஒரு ஆட்டோ, அதற்குப் பின்னால் இன்னொன்று. எடுத்து முடிக்க வெகு நேரம் ஆகிவிட்டது. திரும்பி வந்தபோது பெட்டியை மூடி ஆணி இறக்கிக்கொண்டிருந்தார்கள்.

நடந்தது இதுதான். பன்னிரண்டு நிமிடத்தில் கேமரா தானாக நின்றது. இருமல் வரவில்லை. அவருக்கு ஏதோ நேரமாகிவிட்ட மாதிரி தோன்ற, வழக்கம்போல் இரண்டு தடவை அமுக்கினார். நிறுத்தி ஓடவிட்டதாக அவர் நினைப்பு. முதல் அமுக்கில் ஓடியது, இரண்டாவதில் நின்றது. நின்ற கேமராவைக் கையில் பிடித்துக்கொண்டு பெட்டிக்குக் கிட்டே போனார். "போனை எறக்குங்க, கண்ணால பாருங்க" என்றார். எல்லாரும் இறக்கினார்கள். ஸ்டெல்லாவின் தம்பியும் இறக்கினான். அம்மா முகத்துக்கு மேலே கேமராவை வைத்து அசையாமல் நின்றார். மூடினார்கள். எடுத்தாகிவிட்டது என்று நிறுத்தினார். அப்போதுதான் அது ஓட ஆரம்பித்தது.

முதல் பன்னிரண்டு நிமிடத்தில் இருந்தது பாஸ்டரின் முதுகும் பூவும். அடுத்த பன்னிரண்டு நிமிடத்தில் இருந்தது என் வண்டியின் உள்பக்கம்.

மறுநாள் வேறொரு சாவு முடிந்து திரும்பும்போது போனை எடுத்தார். ரொம்ப நேரம் கையில் வைத்திருந்தார். சிக்னல் இரண்டு தடவை மாறியது.

"வணக்கங்க. ஒரு பொண்ணு அதோட அம்மா மொகத்தக் கேட்டுச்சு. நான் எடுக்கல. எண்ணிக்கைய விட்டுட்டேன். தல கீழா ஓடிடுச்சு. கெடச்சது என் செருப்பு, கியர் ராடு, வண்டி ஓட்டுறவரோட கை. தப்பு என்னுது. வேற யார் மேலயும் இல்ல."

நான் கியர் மாற்றினேன்.

நான் இல்லாமல் போனது அவருக்குத் தெரியும். ஆணி இறக்கும்போது நான் சந்து முனையிலிருந்து வருவதைப் பார்த்தார். என்னைப் பற்றி அந்தக் குரூப்பில் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அங்கே அவர் சொன்ன ஒரே பொய் அதுதான் என்று நினைக்கிறேன்.

பதில்கள் வந்தன. எல்லாரும் ஒன்றுதான் சொன்னார்கள். பனிக்கரடி சொன்னதைப் பெண் குரல் படித்தது.

"அன்புள்ள நண்பரே, அந்தப் பெண்ணிடம் உண்மையைக் கூறுங்கள். இன்றே கூறுங்கள். தாமதம் அதைக் கடினமாக்கும்."

"சரிங்க" என்றார் போனிடம்.

அன்று ஸ்டெல்லா கூப்பிட்டபோது சொன்னார்: "கேமரா கார்டு கொஞ்சம் மக்கர் பண்ணுது கண்ணு. எஸ்பி ரோட்ல ஒரு கடையில குடுத்திருக்கேன். எடுத்துடுவாங்க."

ஒரு வாரத்தில் வரும் என்றார். பிறகு ஒரு மாதம். பிறகு மும்பைக்கு அனுப்பியிருப்பதாகச் சொன்னார். அந்தப் பெண் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் கூப்பிட்டது. அன்றைக்குத்தான் அதற்கு லீவு. "வந்துருச்சாண்ணா?" என்று கேட்கும். இவர் "வந்துடும் கண்ணு" என்பார். ஒன்றரை வருடம். அந்தக் கார்டு அவர் சட்டைப் பையில் இருந்தது. ஒரு மாத்திரைக் கவரில் போட்டு வைத்திருந்தார். அதில் எதையும் அழிக்கவில்லை, வேறு எதையும் எடுக்கவும் இல்லை.

இதற்குள் அவர் கால் கெட ஆரம்பித்தது. வலது பாதத்தில் புண். அதையும் போனுக்குத்தான் சொன்னார். சொன்ன விதம் இது.

"ரெண்டு மணி நேரம் நிக்க முடியலைங்க. பாதத்துல ஒரு புண்ணு, ஆறல. ஸ்டாண்டு மேல சாஞ்சு நிக்கிறேன். படம் ஆடுது. படம் ஆடாம இருக்க இன்னா வழி?"

ஒருவர் ஸ்டாண்டில் மணல் பை கட்டச் சொன்னார். பறவை எடுப்பவர் உட்கார்ந்து எடுக்க ஒரு முக்காலி சொன்னார். பனிக்கரடி மட்டும் கேமராவைப் பற்றிப் பேசவில்லை.

"அன்புள்ள நண்பரே, படத்தை விடுங்கள். மருத்துவரைப் பாருங்கள்."

"பாக்குறேங்க."

போகவில்லை. வீட்டில் செருப்புக் கடித்தது என்று சொல்லியிருந்தார். எட்டு மாதம் என் வண்டியில் உட்கார்ந்து போனிடம் புண்ணின் அளவைச் சொல்லிக்கொண்டிருந்தார். எட்டணா அளவு, ஒரு ரூபாய் அளவு, உள்ளங்கை அளவு. வண்டியில் நாற்றம் வந்தது. என் வண்டியில் நாற்றத்தை யாரும் கேட்க மாட்டார்கள்.

ஒரு நாள் நானே கேட்டேன்.

"கால் இன்னாண்ணா ஆச்சு?"

"ஒண்ணுமில்ல. ஆறிட்டு வருது."

அவர் வீடு என் வீட்டிலிருந்து மூன்றாவது சந்து. அந்தம்மாவிடம் நான் போய்ச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

மழைக்காலத்தில் ஒரு நாள் சாவு வீட்டிலேயே விழுந்தார். என் வண்டியில்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். வாசலில் செக்யூரிட்டி குழம்பிப்போனார். இந்த வண்டி ஆளை எடுத்துப் போகத்தான் வரும், கொண்டு வராது. டாக்டர் புண் எத்தனை நாளாக என்று கேட்டார். அந்தம்மா "ஒரு வாரமா செருப்புக் கடி" என்றார். டாக்டர் அந்தம்மாவைத் திட்டினார். நான் சுவரோரம் நின்றேன்.

முட்டிக்குக் கீழே எடுத்தார்கள். நாலாவது நாள் போய்விட்டார். நினைவு இருந்த கடைசி நாளில் பார்க்கப் போனேன். மனைவியிடம் "நாளைக்கு வூட்டுக்கு அனுப்பிடுவாங்க, டாக்டர் சொல்லிட்டாரு" என்று சொல்லிக்கொண்டிருந்தார். டாக்டர் அப்படி எதுவும் சொல்லியிருக்கவில்லை.

அவர் சாவை யாரும் வீடியோ எடுக்கவில்லை. அடக்கம் முடிந்து அந்தம்மா என்னிடம் அவர் போனையும் மாத்திரைக் கவரையும் கொடுத்தார்.

"எப்பப் பாரு உங்க வண்டியிலதானே இதுல பேசிக்கிட்டு இருந்தாரு. எனக்கு எதுக்கு இது?"

பிறகு கேட்டார்: "இன்னா பேசுவாரு?"

"கேமரா பத்திம்மா" என்றேன்.

போனை வண்டியில் சார்ஜில் போட்டு வைத்தேன். அவ்வப்போது பெண் குரல் தானாகப் படிக்கும். "பனிக்கரடி எழுபத்தொன்று கூறுகிறார். அன்புள்ள நண்பரே, உங்களைக் காணவில்லை. கால் எப்படி இருக்கிறது?" பின்னால் பெட்டி இருக்கும்போதும் ஒரு தடவை படித்துவிட்டது. சொந்தக்காரர்கள் என்னைப் பார்த்தார்கள். சத்தத்தைக் குறைத்தேன். பதில் போடவில்லை.

வெள்ளிக்கிழமைகளில் ஸ்டெல்லா கூப்பிட்டது. எடுக்கவில்லை.

கிறிஸ்துமஸ் லீவுக்கு அந்தப் பெண் வந்தது. கேமராக்காரர் செத்தது தெரிந்து, அவர் வீட்டில் விசாரித்துவிட்டு நேராக ஏரிக்கரைக்கு வந்துவிட்டது. வண்டிக் கதவைத் தட்டியது. முப்பது வயசிருக்கும். கையில் சூட்டுக்காயங்கள்.

"அண்ணா, அந்தக் கார்டு உங்ககிட்ட இருக்காமே. குடுங்க. நான் குவைத்துல பெரிய கடையில குடுத்துப் பாக்குறேன். அங்க எல்லாம் எடுத்துடுவாங்களாம்."

மாத்திரைக் கவரை எடுத்துக் கொடுத்தேன். அது அதை வாங்கிக் கர்ச்சீப்பில் சுற்றியது. நாலு மடிப்பு. அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

"கார்டு கெடலம்மா" என்றேன்.

"இன்னாண்ணா?"

"கார்டு நல்லாத்தான் இருக்குது. அதுல ஒண்ணுமில்ல. பெட்டி மூடுனத எடுக்கல."

பன்னிரண்டு நிமிடத்தைச் சொன்னேன். இருமலைச் சொன்னேன். டேங்கரைச் சொன்னேன். நான் இவ்வளவு சேர்ந்தாற்போல் பேசியதில்லை. அந்தப் பெண் வண்டிக் கதவைப் பிடித்துக்கொண்டு கேட்டது.

"அப்ப மும்பைக்கு அனுப்புனது?"

"அனுப்பல."

"ஒன்றரை வருசம், வாராவாரம் பேசுனாரேண்ணா. அன்னைக்கே சொல்லியிருந்தா அன்னைக்கே அழுது முடிச்சிருப்பேன்."

"அவர் மேல தப்பில்ல. இருமாதது நானு."

அது என்னைத் திட்டும் என்று நின்றேன். திட்டவில்லை. கர்ச்சீப்பைப் பிரித்துக் கார்டை ஒரு தடவை பார்த்தது. மறுபடி சுற்றியது. பிறகு என் முகத்தைப் பார்த்தது.

"அவரு கேமரா வழியா பாத்தாரு. தம்பி, பயந்து கண்ண மூடிட்டேன்றான். நீங்க அங்கதானே இருந்தீங்க? மூடுறப்ப எங்கம்மா மொகம் எப்படிண்ணா இருந்துச்சு?"

டேங்கர் என்று இப்போதுதான் சொன்னேன். அந்தப் பெண்ணின் காதில் அது விழவில்லை. அல்லது விழுந்தும் கேட்டது. நான் பார்க்கவில்லை. ஆணியைத்தான் பார்த்தேன்.

"நல்லா இருந்துச்சும்மா" என்றேன். "தூங்குற மாதிரி. வாய் நல்லா மூடியிருந்துச்சு. நெத்தியில ஒரு பூ."

"என்ன பூ?"

"மல்லி."

அது தலையை ஆட்டியது. அங்கேயே ரோட்டோரம் உட்கார்ந்து அழுதது. சத்தம் போடாமல் அழுதது. நான் தண்ணீர் பாட்டிலைப் பக்கத்தில் வைத்தேன். எழுந்து முகம் கழுவி, ஆட்டோ பிடித்துப் போயிற்று. கார்டை எடுத்துக்கொண்டுதான் போயிற்று.

வண்டியில் ஏறினேன். அவர் போனை எடுத்தேன். எந்த இடத்தை அமுக்கிப் பேசுவார் என்று தெரியும். மூன்று வருடம் பார்த்திருக்கிறேன். வாய்க்குப் பக்கத்தில் பிடித்தேன்.

"வணக்கங்க. இது அவரு இல்ல. அவரு செத்துட்டாரு. கால் ஆறல. நான் அவரு கூட வண்டி ஓட்டுனவன். வீடியோவுல வந்த கை என்னுது. அன்னைக்கு இருமாம விட்டது நான்தான். அவரு எம்பேர சொல்லல."

போன் காத்திருந்தது.

"இன்னைக்கு அந்தப் பொண்ணுகிட்ட ஒரு பொய் சொன்னேன். பாக்காதத பாத்ததா சொன்னேன்."

அனுப்பினேன். அடுத்த வீடு கேம்பிரிட்ஜ் லேஅவுட் பக்கம், பதினொரு மணிக்கு. சாவியைத் திருகினேன். சிக்னலில் நிற்கும்போது பெண் குரல் படித்தது.

"பனிக்கரடி எழுபத்தொன்று கூறுகிறார். அன்புள்ள நண்பரே, நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்."